காலிக் கட்டம்

காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். வருகைப் பதிவேடாகட்டும், தபால் ஆபீஸ் படிவமாகட்டும், யாரோ பெஞ்சில் மறந்துவிட்டுப் போன பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியாகட்டும், சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனா வெளியே வந்துவிடும். விடை தெரியாவிட்டாலும் ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டு நிரப்பிவிட்டுத்தான் மூடுவார். போர்ட் பிளேரில் நான் படித்த கல்லூரியில் எங்களுக்குச் சமூகவியல் நடத்தியவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாய் கசக்கும்.

இப்போது அவருக்குப் பணி ஓய்வாம். பாராட்டு மலர் போடுகிறார்களாம். பழைய மாணவர்களுக்கெல்லாம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பெயர், படித்த ஆண்டு, இப்போது என்ன வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் பெரிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: ‘பேராசிரியரிடம் நீங்கள் கற்றுக்கொண்டது.’ வருகிற படிவங்களை அப்படியே மலரில் அச்சிடுவார்களாம். மூன்று நாளாக இந்தப் படிவம் என் மேஜையில் கிடந்தது.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பவுடர் வாசம். மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழர் என்பதால் எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுவார். மதியம் கேன்டீனில் பள்ளம் பள்ளமாக உள்ள ஸ்டீல் தட்டில்தான் சாப்பிடுவார். ஒரு பள்ளம் காலியாக இருந்தால்கூடப் பிடிக்காது. ஊறுகாய் தீர்ந்துபோன ஒருநாள் அந்தப் பள்ளத்தில் உப்பையாவது போட்டுக் கொண்டுவா என்று பரிமாறுகிறவனைத் திருப்பி அனுப்பினார். நாங்கள் சிரித்தோம். அப்போதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

சிரிப்பு நின்ற நாளும் நினைவில் இருக்கிறது. எங்கள் துறைப் பியூன் ஒரு வங்காளி. காலையில் அழுத கண்ணோடு வந்து நின்றான். “சார், பாபா குஜர் கயே. சுட்டி சாஹியே” என்றான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், லீவு வேண்டும். இவர் ‘அடடா’ என்றுகூடச் சொல்லவில்லை. லீவுப் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். “காரணம் எழுதியிருக்க. திரும்பி வர்ற தேதி எங்கே? கட்டம் காலியா இருக்கே” என்று தமிழிலேயே சொல்லி, பேனாவை நீட்டினார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விரல் எந்தக் கட்டத்தில் குத்துகிறது என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த மனுஷர்தான் எங்கள் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சியைக் கொண்டுவந்தார். சுனாமி அலை வந்து மூன்றாவது வருஷம் அது. நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பிலேயே கைடு புத்தகத்தை மேஜையில் டப்பென்று போட்டார்.

“இதை வேணும்னா வடை மடிக்கக் குடுங்க. இனிமே நீங்க ஸ்டூடண்ட்ஸ் இல்ல, ரிசர்ச்சர்ஸ். நூறு மார்க் பரீட்சை கிடையாது. எழுபது பரீட்சை, முப்பது களப்பணி. நீங்களே கேளுங்க, நீங்களே கண்டுபிடிங்க.” ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “வேற ஊர்ல இதுக்கெல்லாம் அலையணும். நமக்குக் கடலே ஒரு லேப் கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கு.”

வகுப்பில் கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தட்டினோம். கைடைப் பார்த்து ஒப்பித்தே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நீயே கேள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹேடோ வார்ஃபில் வேலை பார்த்த அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலமே அபர்டீன் பஜாருக்குப் போய் கிளிப் வைத்த அட்டை வாங்கினேன். அந்த யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அதனால்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கேள்விகளை நாங்களே கேட்கலாம் என்றாரே, அதுவும் பொய். மறுவாரம் அவரே அடித்த படிவம் கட்டுக்கட்டாக வந்தது. நாலு பக்கம், ஐம்பத்திரண்டு கேள்வி, எல்லாவற்றுக்கும் கட்டம். ஆளுக்கு முப்பது குடும்பம். சாத்தம் ஜெட்டியில் ஃபெரி ஏறி அக்கரையில், அலையில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த தகர ஷெல்டர்களுக்குப் போக வேண்டும். அவரும் கல்லூரி வண்டியோடு ஃபெரியில் வருவார். ஆனால் வண்டியைவிட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஷெல்டர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நாங்கள் வேர்த்து வழியக் கொண்டுபோய் நீட்டும் படிவத்தை ஜன்னல் இடுக்கு வழியாக வாங்கிப் பார்ப்பார்.

“நாற்பத்து மூணு காலியா இருக்கேம்மா. போ, போய் நிரப்பிட்டு வா.”

படிவத்தில் கைரேகை வைத்த குடும்பத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அதுவும் அவர் ஏற்பாடுதான்.

மாரியாயி அக்காவை அங்கேதான் பார்த்தேன். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆள். பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலேறிக் கச்சாலுக்கு வந்தவர். அலையில் புருஷனுக்கு இடுப்பும் காலும் நசுங்கிப்போய், வைத்தியத்துக்காகப் போர்ட் பிளேருக்கு அழைத்து வந்து, அப்படியே தகரத்துக்குக் கீழே தங்கிவிட்டார்கள். புருஷன் கட்டிலோடு கிடந்தார். மதியத்தில் அந்தத் தகர அறைக்குள் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. அந்த மனுஷர் மூன்று வருஷமாகக் கிடந்தார்.

என்னைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “பேர் பதியவா புள்ள வந்திருக்கீக?”

அது அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சொல் என்று அப்போது எனக்குத் தெரியாது. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்களாம். தோட்டத் தொரையின் செக்ரோல் ஏட்டில் பேர் பதிந்தால்தான் வேலை. பேர் பதிந்தவர்களுக்குத்தான் லயத்தில் காம்பரா, அதாவது இருக்க ஓர் அறை. அவர் அம்மாவுக்கு அப்படித்தான் கிடைத்தது, கச்சாலில் அவருக்கும் அப்படித்தான். சட்டையை உள்ளே விட்ட ஒருவர் வண்டியில் வந்து, தாளை நீட்டி, பேரைக் கேட்டு எழுதுகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடு வரப்போகிறது.

“இது காலேஜ் ஆராய்ச்சிக்கு அக்கா” என்றேன்.

“அதான் புள்ள. பெரிய தொரை எழுதுனாத்தானே அங்கிட்டு ஆபீஸ்ல செல்லும்” என்றார், வண்டியைப் பார்த்துக்கொண்டே.

இதை நான் சாரிடம் சொன்னேன். வீட்டுக்குப் பேர் எழுதுவதாக நினைக்கிறார்கள் சார், இல்லை என்று விளங்கும்படி சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினார்.

“நாமளா வீடு தர்றோம்னு சொன்னோம்? சொல்லலியே. அவங்க நினைச்சா நாம என்ன பண்ண முடியும்? ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல பாரு. இந்த மாதிரி ரெஸ்பான்ஸ் மெயின்லேண்ட்ல கிடைக்காதும்மா.”

அன்றைக்கே அந்த அட்டையைக் கடலில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. முப்பது மார்க்.

படிவத்தில் முப்பத்தெட்டாவது கேள்வி, இரவில் தூக்கம் வருகிறதா, ஆம் அல்லது இல்லை. மாரியாயி அக்கா சொன்னார்: “மழை பேஞ்சா தகரம் சத்தம் போடும் புள்ள. அலை வந்துருச்சுன்னு இவுக எந்திரிக்கப் பாப்பாக. கால் வராது. என்னைய ஓடு ஓடுன்னு தள்ளுவாக. மழை விடுற வரைக்கும் நான் இவுக கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன்.” இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் முழுவதையும் எழுதினேன். சார் படித்துப் பார்க்கவே இல்லை. பச்சை மையால் என் எழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டார்.

“கதை எழுதறதுன்னா லிட்டரேச்சர் சேர்ந்திருக்கலாமே.”

பின்பெஞ்சுப் பையன்கள் நாலு பேர் ஃபெரியே ஏறவில்லை. பஜாரில் ஒரு சமோசாக் கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு முப்பது குடும்பத்தை உண்டாக்கி, இடது கை, வலது கை, கால் கட்டை விரல் என்று எல்லா ரேகையையும் வைத்து நீட்டினார்கள். ஒரு தாளில் சமோசா எண்ணெய்கூடப் பட்டிருந்தது. சார் அந்தக் கட்டுகளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். “பாருங்க. ஒரு கட்டம் காலி இல்ல. இதுதான் டிசிப்ளின்.” அவருக்குத் தெரியாமல் இல்லை. எண்ணெய்க் கறையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்ததை நானே பார்த்தேன்.

அந்தப் பாடத்திட்டத்தின் புகழ் மெயின்லேண்ட்வரை போய்விட்டது. பார்வையிட இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு மாதிரி நேர்காணல் நடத்த வேண்டும். நன்றாகப் பேசுகிறவர் என்று மாரியாயி அக்காவை சாரே தேர்ந்தெடுத்து, அன்றைக்கு எங்கேயும் போகக் கூடாது என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

அதே தேதியில்தான் ஆபீஸ்காரர்களும் வந்தார்கள். மற்றத் தீவுகளிலிருந்து வந்து இங்கே தங்கியவர்கள் நிரந்தர வீட்டுக்கு நேரில் வந்து பேர் எழுத வேண்டும், போட்டோ எடுப்பார்கள், அன்று ஒரே நாள்தான். ஜெட்டியில் இறங்கும்போதே மைக் கட்டிய ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டேன். ஓடிப்போய் வண்டி ஜன்னலைத் தட்டினேன்.

“சார், இன்னிக்குத்தான் வீட்டுக்குப் பேர் எழுதறாங்களாம். ஸ்கூல்ல. மாரியாயி அக்கா போயிட்டு வந்துரட்டும் சார்.”

“கெஸ்ட் ரெண்டு பேரு உள்ள உக்காந்திருக்காங்க, தெரியுதா? அரை மணி நேரம்தாம்மா. முடிச்சிட்டுப் போகட்டும்.”

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக வண்டியைவிட்டு இறங்கினார். மூக்கில் கைக்குட்டை. அக்கா தரையைக் கழுவிவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து அறையில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். சார் டம்ளரின் விளிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாக வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கையெட்டும் தூரத்தில் கட்டிலில் கிடந்த மனுஷர் கும்பிட்டார். அவர் பக்கம் திரும்பாமலே முப்பத்தொன்றாவது கேள்வியைப் படித்தார்: “வீட்டில் ஊனமுற்றோர் யாரேனும் உண்டா?”

அந்த நேரத்தில் ஆட்டோ ஷெல்டர் வாசலுக்கே வந்தது. “கச்சால்வாலே, ஸ்கூல் மே ஆகர் நாம் லிக்வாயியே” என்று மைக்கில் சத்தம். கச்சால்காரர்கள் ஸ்கூலுக்கு வந்து பேர் எழுதுங்கள். மாரியாயி அக்காவுக்குச் சட்டென்று முகம் மாறியது. என் கையைப் பிடித்தார்.

“புள்ள, அவுக ஸ்கூலுக்கு வரச் சொல்றாக. இங்க தொரையே நேர்ல வந்து பதியிறாகளே. ரெண்டும் ஒண்ணுதானே புள்ள?”

சாருக்குத் தமிழ் தெரியும். நன்றாகக் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி அடுத்த கட்டத்தில் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“சொல்லும்மா. டைம் ஆகுது.”

“ஆமாக்கா” என்றேன். “ஒண்ணுதான்.”

அரை மணி நேரம் என்றது மூன்று மணி நேரம் போயிற்று. நிபுணர்கள் போட்டோ எடுத்தார்கள். அக்காவைப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். வண்டி போனதும் நான் அக்காவை இழுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “கதம் ஹோ கயா, முடிந்துவிட்டது. ஆபீஸில் வந்து மனு கொடுங்கள்” என்று ஒருவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அக்கா கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “அந்தாளு மூஞ்சியில காறித் துப்பணும்” என்றாள். அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, “உன் மூஞ்சியிலயும்தான்டி” என்றாள். ராத்திரிச் சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மனுப் படிவம் ஒரே பக்கம்தான். அதில் ஒரு கட்டம்: ‘குறித்த நாளில் வந்து பதிவு செய்யாததற்குக் காரணம்.’ அதை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அந்த நேரத்தில் இவர் நம் பேட்டியில் இருந்தார் என்று நீங்கள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் சார் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் பச்சைப் பேனாவை எடுத்தார். எடுத்து, அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. பிறகு மூடியைப் போட்டுப் பையில் செருகிக்கொண்டார். எனக்குத் தெரிந்து, அவர் நிரப்பாமல் விட்ட ஒரே கட்டம் அதுதான்.

“நான் எழுதினா நாளைக்குக் கேள்வி வரும்மா. கோர்ஸுக்கே கெட்ட பேரு. இண்டர்னல் மார்க் வேற இன்னும் போடல, உனக்கே தெரியும்.” படிவத்தை என் பக்கம் தள்ளினார். “நீயே ஏதாவது போட்டு நிரப்பிடு. காலியா மட்டும் விடாத.”

நிரப்பினேன். ‘உடல்நலக் குறைவால் வர இயலவில்லை’ என்று குண்டு குண்டாக எழுதினேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லையே புள்ள” என்றார். “அன்னிக்கு நல்லாத்தானே இருந்தேன். தரையெல்லாம் கழுவுனேனே.”

“இப்படி எழுதினாத்தான் எடுத்துப்பாங்க அக்கா.”

ரேகை வைத்தார். ஒரு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அன்றைய தேதிக்கு எந்த டாக்டர் சான்றிதழ் கொடுப்பார்? இன்னொரு மனு, இன்னொரு மனு என்று அலைந்தோம். நானும் கொஞ்ச நாள் கூடப் போனேன், அப்புறம் பரீட்சை வந்தது. எனக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு. பக்கத்து அறைக்காரர்கள் வீடு கிடைத்துக் கச்சாலுக்குக் கப்பல் ஏறினார்கள். மாரியாயி அக்காவின் புருஷன் இரண்டு மழைக்காலம் தாண்டி, அந்தத் தகரத்துக்குக் கீழேயே கண்ணை மூடினார்.

கடைசியாக அக்காவைப் பார்த்தது பஜார் பஸ் ஸ்டாண்டில். யார் வீட்டிலோ பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னார். என்மேல் கோபமே இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பஸ் ஏறும்போது திரும்பிக் கேட்டார்.

“ஏம் புள்ள, தொரை அம்புட்டையும் எழுதிட்டுப் போனாரே. அது எங்கிட்டாச்சும் பத்திரமாத்தானே இருக்கும்?”

இருக்கிறது. கல்லூரி நூலகத்துக் கண்ணாடி அலமாரியில், ஆய்வறிக்கையாக, தடித்த அட்டை போட்டு, சாரின் பெயர் பொறித்து இருக்கிறது. அட்டையில் மாரியாயி அக்கா படிவத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். உள்ளே சமோசாக் கடைக் குடும்பங்களும் அவர் குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து சதவீதமாகிவிட்டன.

நானும் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பாடத்தில் ஆராய்ச்சியைச் சேருங்கள் என்று எங்களுக்கும் சுற்றறிக்கை வருகிறது. சேர்க்கிறேன். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ‘ஆமாக்கா, ஒண்ணுதான்’ என்ற என் குரல் எனக்குக் கேட்கிறது. அது சாரின் குரல் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நேற்று அந்த மலர்ப் படிவத்தை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். படித்த ஆண்டை எழுதினேன். வேலையை எழுதினேன். ‘பேராசிரியரிடம் நீங்கள் கற்றுக்கொண்டது’ என்ற கட்டத்தை அப்படியே காலியாக விட்டு, உறையில் போட்டு ஒட்டி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். மலரில் அச்சாகும்போது கட்டாயம் அவர் கண்ணில் படும். கை அரிக்கும்.

அரிக்கட்டும்.